ஹிப்பித் தலையும் காபி டப்பா ரொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஹிப்பி என்பது வசவு. முடி காதைத் தொட்டால் போதும், "என்னடா இது ஹிப்பித் தலை, போய் வெட்டிட்டு வா" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். அந்த வசவுக்குப் பின்னால் ஒரு நிஜ ஊரும் ஒரு போரும் அண்டா அண்டாவாகக் குழம்பும் இருந்தன என்று தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. அதன் பிறகு யாரிடம் இதைப் பேசினாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் அவற்றை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 1960களின் அந்த அமெரிக்க ஹிப்பிக் கூட்டத்தில் மைக் பிடித்தவர்களைவிடக் கரண்டி பிடித்தவர்கள் மேல்தான் எனக்குப் பிரியம், பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நீளமுடி வைத்தவர் எல்லாம் ஹிப்பியா?

இல்லை, ஆனால் அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதின. 'ஹிப்' என்றால் அங்கே பேச்சுவழக்கில் விவரம் தெரிந்த ஆள், நாட்டு நடப்போடு ஒட்டிப் போகிறவன். அதிலிருந்து ஹிப்ஸ்டர், அதிலிருந்து கொஞ்சம் இளக்காரமாக ஹிப்பி. 1950களில் சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் கவிதையும் ஜாஸுமாகத் திரிந்த பீட் தலைமுறைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அடுத்து வந்த பிள்ளைகள், பழைய பெரிய மரவீடுகள் மலிவு வாடகைக்குக் கிடைத்த ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் போய்க் குடியேறினார்கள். 1965ல் அந்த ஊர் நாளிதழ் ஒன்று அவர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர்களில் பலர் தங்களை 'ஃபிரீக்', அதாவது விசித்திரப் பிறவி, என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எதிர்க்கலாச்சாரம், அதாவது பெற்றோர் தலைமுறையின் வழக்கங்களை எதிர்த்துக் கிளம்பியது எல்லாம், ஒரு பெரிய குடை. அதற்கடியில் ஹிப்பிகளும் உண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கோஷம் போட்டுக் கைதான மாணவர்களும் உண்டு. மாணவர்கள் அரசாங்கத்தை மாற்ற நினைத்தார்கள், ஹிப்பிகள் அரசாங்கம் இல்லாத மாதிரியே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு எரிச்சல் இருந்தது.

சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லாத பிள்ளைகள் ஏன் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்?

குறைவில்லாததும் ஒரு காரணம்தான். அவர்களுடைய அப்பா அம்மா 1930களின் பொருளாதார வீழ்ச்சியைப் பார்த்தவர்கள், அவர்களுக்கு நிரந்தர வேலையும் சொந்த வீடும் காரும் சொர்க்கம். பிள்ளைகள் அந்தச் சொர்க்கத்திலேயே பிறந்தார்கள், அலுத்துவிட்டது. கூடவே அணுகுண்டு விழுந்தால் பெஞ்சுக்கு அடியில் எப்படி ஒளிவது என்று பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்து வளர்த்த தலைமுறை அது. 1960ல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, அதனால் கல்யாணம், பிள்ளை, வீடு என்ற வரிசையைக் கலைத்துப் போட முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே வியட்நாம் போர். பதினெட்டு வயதான பையன் ராணுவத்துக்குக் கட்டாயமாகப் பெயரைப் பதிய வேண்டும், கல்லூரியில் இருந்தால் தள்ளிப்போடலாம், இல்லையென்றால் கூப்பிடும்போது போக வேண்டும். 1969 டிசம்பர் 1 அன்று இதைக் குலுக்கல் முறையாகவே ஆக்கினார்கள். கண்ணாடி ஜாடியில் 366 நீலநிறக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த தேதி, நாடே டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கிறது, முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த, குலுக்கல் வயதில் இருந்த பையன்கள் எல்லோருக்கும் முதல் நம்பர். பிறந்த நாளை வைத்து உயிரைத் தீர்மானிக்கும் அரசாங்கத்தை மதிக்கச் சொன்னால் எவன் மதிப்பான்? அந்தப் போரில் செத்த அமெரிக்க வீரர்கள் மட்டும் சுமார் 58,000 பேர். வியட்நாமியர்கள் பல லட்சம்.

எல்லாம் போதைதானே?

போதை பெரிய பங்கு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இல்லாததை எல்லாம் கண்முன் காட்டும் எல்எஸ்டி என்ற போதைமருந்து ஹிப்பிகள் கண்டுபிடித்தது இல்லை. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் 1938ல் தயாரித்தது, அது மூளையை என்ன செய்கிறது என்று தற்செயலாகத் தெரிந்தது 1943ல். அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ, ஆள்களை மடக்க இது உதவுமா என்று ரகசியமாக ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. அப்படிக் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் மருத்துவமனையில் நடந்த சோதனைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போன தன்னார்வலர்களில் ஒருவர் எழுத்தாளர் கென் கீசி. அவர்தான் 1964ல் பழைய பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கண்டபடி வண்ணம் அடித்து, நண்பர்களை ஏற்றிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடந்து, இந்த மருந்தைத் திருவிழாப் பிரசாதம் மாதிரி ஆக்கியவர். ஆக, விதை போட்டதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

1966 அக்டோபர் 6 அன்று கலிபோர்னியா எல்எஸ்டியைத் தடை செய்தது. 1967 ஜனவரியில் கோல்டன் கேட் பூங்காவில் நடந்த பெரிய கூட்டத்தில், முன்னாள் ஹார்வர்டு ஆசிரியர் டிமோதி லியரி பள்ளியையும் வேலையையும் விட்டு வெளியே வாருங்கள் என்கிற பொருளில் பேசினார். அவர் பேசிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோடையில் படிப்பை விட்டு ஹெய்ட்-ஆஷ்பரிக்கு வந்து இறங்கிய பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை, கையில் காசில்லை, கொஞ்ச நாளில் தெருவுக்கு ஹெராயினும் வந்து சேர்ந்தது. லியரியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேலைக்குப் போகாமல் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். சிலருக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. மற்றவர்களுக்கு டிக்கர்கள் சோறு போட்டார்கள். 1649ல் இங்கிலாந்தில் பொது நிலத்தைக் கொத்திப் பயிர் வைத்து, நிலம் எல்லோருக்கும் சொந்தம் என்று சொன்ன ஏழைகளின் பெயர் டிக்கர்கள். அந்தப் பெயரைச் சான் பிரான்சிஸ்கோவில் தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்த ஒரு குழு எடுத்துக்கொண்டது. 1966 இலையுதிர் காலத்தில் இருந்து சாயந்திரம் நாலு மணிக்கு, பேன்ஹேண்டில் என்ற நீளப் பூங்காவில், பெரிய பால் கேன்களில் குழம்பு வந்து இறங்கும். காசு கிடையாது, கிண்ணமும் கரண்டியும் நீங்கள் கொண்டு வர வேண்டும். பதின்மூன்று அடி உயரத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு மரச்சட்டம் நிறுத்தியிருப்பார்கள், அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்த்தான் சாப்பாடு வாங்க வேண்டும். பார்வையை மாற்றிக்கொண்டு வா என்று அர்த்தமாம். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் நாடகக்காரர்கள் பரிமாறினால் அப்படித்தான் இருக்கும்.

குழம்புக்குக் காய்கறி மொத்த மார்க்கெட்டில் மிஞ்சியதும் அழுகத் தொடங்கியதும், இறைச்சி கடைக்காரர் ஒதுக்கிய துண்டுகள், சில சமயம் திருடிக்கொண்டு வந்ததும் உண்டு. விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கெஞ்சி வாங்கி வந்து, நறுக்கி, வேகவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்புறம் ரொட்டி. ரொட்டி சுடும் தகரம் வாங்கக் காசில்லாததால் காலி காபித்தூள் டப்பாக்களில் முழுக் கோதுமை மாவைப் போட்டுச் சுட்டார்கள். டப்பா வடிவத்திலேயே உருளையாக, மேலே குடை மாதிரி உப்பி வரும், நம் குழாய்ப்புட்டு காளானாக மாறினால் எப்படி இருக்கும், அப்படி. அமெரிக்கா முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பழுப்பு ரொட்டியின் செய்முறையைத் துண்டுத்தாளில் அடித்துக் கொடுத்தார்கள். இன்று சூப்பர் மார்க்கெட்டில் கோதுமை பிரெட் என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அதன் தாத்தாக்களில் இந்தக் காபி டப்பாவும் ஒன்று.

அதே தெருப்பக்கம் 1967 ஜூனில் டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் இலவச மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அழுக்குத் துணியும் ஜடையுமாக வரும் பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் முகம் சுளித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள், இங்கே போதை தலைக்கேறி அலறுபவனுக்கும், பால்வினை நோய் வந்தவளுக்கும், வெறுங்காலில் நடந்து சீழ் பிடித்தவனுக்கும் கேள்வி கேட்காமல் வைத்தியம் பார்த்தார்கள். மருத்துவம் சலுகை இல்லை, உரிமை என்பது அவர்கள் கொள்கை. அதைப் பார்த்து நாடெங்கும் இலவச மருத்துவமனைகள் தோன்றின. போதைக்கு அடிமையானவனைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்க்கும் வைத்தியமுறை வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

உட்ஸ்டாக் இசைவிழாவில் கோயம்புத்தூர்க்காரர் பேசினாராமே?

நிஜம்தான். சுவாமி சச்சிதானந்தர், 1914ல் கோவை பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. மனைவி இறந்த பிறகு துறவுப் பாதைக்குப் போய், ரிஷிகேஷில் சிவானந்தரிடம் தீட்சை வாங்கி, இலங்கையில் கண்டியில் ஆசிரமம் நடத்தி, 1966ல் பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியர் அழைத்து நியூயார்க் போனார். சும்மா பார்த்துவிட்டு வரப் போனவரைப் பிள்ளைகள் விடவில்லை.

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற சின்ன ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலம். முன்பதிவில் விற்ற டிக்கெட் 1,86,000, வந்ததோ நாலு லட்சத்துக்கும் மேல், வேலியே கட்டி முடிக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. சாலை முழுக்கக் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றதால் பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டு வந்தார்கள், சுவாமியும் அப்படித்தான் வந்தார். முதலில் ரிச்சி ஹேவன்ஸ் பாடினார், அடுத்துக் காவி உடையில் இவர் மேடையில் உட்கார்ந்தார். ஒலிதான் பிரபஞ்சத்தை நடத்துகிறது, அமெரிக்கா உலகத்துக்குப் பொருள் கொடுத்தது போதும், இனி ஆன்மிகத்தையும் கொடுக்கட்டும் என்கிற மாதிரி சில நிமிஷம் பேசிவிட்டு, அவ்வளவு பேரையும் 'ஹரி ஓம்' சொல்ல வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்து எடுத்த படம் பிரபலம்: காவி உடையில் ஒரு முதுகு, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள்.

அவருடைய குரு சிவானந்தரின் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை. பாய்க்குப் பெயர் போன ஊர்க்காரரின் சீடர்கள் போய்த்தான் அமெரிக்காவில் யோகா பாய் விரித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். சச்சிதானந்தர் பிறகு வர்ஜீனியாவில் யோகாவில் என்ற ஊரையே உருவாக்கினார், 2002ல் சென்னையில் காலமானார். 1990களின் தொடக்கத்தில் முன்னாள் சீடர்கள் சிலர் அவர் மீது பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். அந்தக் காலத்து குருமார்கள் பலர் மேல் இப்படிப்பட்ட புகார்கள் உண்டு, குருவே தெய்வம் என்று முழுசாகச் சரணடைந்த கூட்டத்தில் கேள்வி கேட்க யாரும் மிச்சம் இருக்கவில்லை.

சரி, அங்கேயும் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடை போட்டவர்களிடம் இருந்தது சீக்கிரமே தீர்ந்துபோனது. ஹாக் ஃபார்ம் என்ற கம்யூன்காரர்கள், அதாவது எல்லாவற்றையும் பகிர்ந்து ஒரே குடும்பம் மாதிரி கூட்டாக வாழ்ந்தவர்கள், தானியத்தையும் காய்கறியையும் வேகவைத்தும், ஓட்ஸ் கலவையைக் காகிதக் கோப்பைகளில் அள்ளியும் கொடுத்தார்கள். நாலு லட்சம் பேருக்குப் படுக்கையிலேயே காலைச் சாப்பாடு என்று அவர்களில் ஒருவரான வேவி கிரேவி மேடையில் அறிவித்தார். அக்கம்பக்க ஊர்க்காரர்கள், நீளமுடியே பிடிக்காதவர்கள், சாண்ட்விச் கட்டி அனுப்பினார்கள்.

சுதந்திரக் காதல் என்றார்களே, பெண்களுக்கு அது நல்லதாக முடிந்ததா?

பாதிதான். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது வெட்கக்கேடு இல்லை என்ற நிலை வந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் சுதந்திரமாக இரு என்று சொன்ன அதே ஆள், மறுத்த பெண்ணைப் பார்த்து நீ பழமைவாதி என்றும் சொன்னான். வயிற்றில் பிள்ளை வந்தால் அவன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். கம்யூன்களில் ஆண்கள் மரம் வெட்டினார்கள், தத்துவம் பேசினார்கள், பாத்திரம் தேய்த்தது பெண்கள். அந்த அலுப்பில் இருந்து வெளியே வந்து பெண்ணிய இயக்கத்தில் சேர்ந்தவர்கள் நிறைய.

கறுப்பினத்தவர் இதில் இருந்தார்களா?

கொஞ்சம் பேர். இது பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் இயக்கம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லாண்டில் 1966ல் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி தொடங்கியது. இல்லாமையிலேயே பிறந்தவர்களுக்கு, இருப்பதை உதறிவிட்டுப் போகும் விளையாட்டு புரியாததில் ஆச்சரியம் இல்லை.

கம்யூன்கள் என்ன ஆயின?

பெரும்பாலானவை ஓரிரு குளிர்காலத்தில் கலைந்தன. யார் விறகு வெட்டுவது, யார் பில் கட்டுவது என்ற சண்டைதான் காரணம். தாக்குப்பிடித்தவற்றில் எனக்குப் பிடித்தது தி ஃபார்ம். ஸ்டீபன் கஸ்கின் என்ற கல்லூரி ஆசிரியரின் வகுப்பைக் கேட்கக் கூடிய கூட்டம், பழைய பஸ்களில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கிளம்பி, 1971ல் டென்னசி மாநிலத்துக் காட்டில் சுமார் 1,000 ஏக்கர் வாங்கி இறங்கியது. பட்டாளத்துக் கூடாரத்தில் தூங்கி, பால் இறைச்சி எதுவும் தொடாமல், சோயாவில் பாலும் டோஃபுவும் ஐஸ்கிரீமும்கூடச் செய்து சாப்பிட்டார்கள். சம்பாதித்தது எல்லாம் பொதுப் பெட்டிக்கு.

வழியில் பஸ்ஸிலேயே சில பெண்களுக்குப் பிரசவம் ஆனது. ஸ்டீபனின் மனைவி இனா மே ஆங்கில இலக்கியம் படித்தவர், மருத்துவம் படித்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, புத்தகம் படித்து, டென்னசியில் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்று, மருத்துவச்சிகளின் குழுவையே உருவாக்கிவிட்டார். அங்கே நடந்த சுமார் 2,000 பிரசவங்களில் சிசேரியன் 2 சதவீதத்துக்கும் கீழே. உடல் உழைப்பில் ஊறிய ஆரோக்கியமான பெண்கள் என்பதைக் கழித்துக்கொண்டாலும், சிசேரியன் இல்லாத பிரசவம் என்றாலே ஆச்சரியப்படும் நம் ஊரில் இருந்து பார்த்தால் அது பெரிய விஷயம். குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால் தாயைக் கை கால் நான்கையும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திருப்பும் உத்தி இன்று மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயரில் இருக்கிறது. குவாத்தமாலாவின் பூர்வகுடி மருத்துவச்சிகளின் முறை அது என்று அவரே சொன்னார். 1983ல் கடன் கழுத்தை நெரித்தபோது பொதுப் பெட்டியை மூடிவிட்டு, அவரவர் சம்பாதித்து மாதச் சந்தா கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேல் இருந்த கூட்டம் சில நூறாகக் குறைந்தது. ஊர் இன்னும் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

கம்யூனுக்குப் போனவர்களுக்கு அடுப்பு எங்கே வாங்குவது, கிணறு எப்படித் தோண்டுவது, எந்தப் புத்தகம் உருப்படியானது என்று எதுவும் தெரியாது. அவர்களுக்காக ஸ்டூவர்ட் பிராண்ட் 1968ல் ஒரு விலைப்பட்டியல் புத்தகம் வெளியிட்டார், 'ஹோல் எர்த் கேட்டலாக்'. அதில் மண்வெட்டிக்குச் சில பக்கம் தள்ளி எலக்ட்ரானிக் கால்குலேட்டர் இருக்கும், இரண்டுமே கருவிதான் என்பது அவர் கணக்கு. ஸ்டீவ் ஜாப்ஸ் 2005ல் ஸ்டான்ஃபோர்டு பட்டமளிப்பு விழாவில் பசியோடிரு, முட்டாளாகவே இரு என்று முடித்தாரே, அந்த வரி இந்தக் கேட்டலாக்கின் பின்னட்டையில் இருந்தது. 1973ல் பெர்க்லியில் ஒரு இசைத்தட்டுக் கடை வாசலில் கம்ப்யூட்டர் முனையம் ஒன்றை வைத்து, யார் வேண்டுமானாலும் விளம்பரமோ செய்தியோ தட்டிவிட்டுப் போகலாம் என்று விட்டார்கள். ராணுவத்தின் கையிலும் பெரிய கம்பெனிகளின் கையிலும் இருந்த இயந்திரத்தைத் தனிமனிதன் கைக்குக் கொண்டு வர வேண்டும் என்ற வெறி அந்தப் பகுதியில் பிறந்தது தற்செயல் இல்லை. அது பிறகு யார் கைக்குப் போனது என்பது வேறு கதை, நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

இந்தியாவுக்கு எப்படி வந்தார்கள், ஏன் வருவது நின்றது?

தரைவழியாக. லண்டன் அல்லது ஆம்ஸ்டர்டாமில் கிளம்பி இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், பெஷாவர், லாகூர், டெல்லி, அங்கிருந்து கோவாவுக்கோ காத்மாண்டுவுக்கோ. இஸ்தான்புல்லில் புட்டிங் ஷாப் என்ற சாப்பாட்டுக் கடையின் அறிவிப்புப் பலகையில் "காபூலுக்கு வேனில் ஒரு இடம் இருக்கிறது" என்கிற மாதிரி சீட்டுகள் ஒட்டியிருக்கும். காத்மாண்டுவில் 1973 வரை அரசு உரிமத்தோடு கஞ்சாக் கடைகள் நடந்தன. அப்புறம் 1979: ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. பாதை அடைபட்டது. 1972ல் அந்த வழியில் போன டோனி, மோரீன் வீலர் தம்பதி அடுத்த வருஷம் போட்ட சின்னப் புத்தகம்தான் லோன்லி பிளானட் நிறுவனத்தின் தொடக்கம். இன்று கடற்கரை ஊர்களில் முதுகுப் பையோடு அலையும் பயணிகளுக்கு வாழைப்பழ பேன்கேக் விற்கும் கடைகளுக்கும் இதுதான் ஆரம்பம்.

ஆரோவில் ஹிப்பி ஊரா?

இல்லை, புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் திட்டம் அது, 1968 பிப்ரவரி 28ல் தொடக்கம். ஆனால் முதல் சில வருஷங்களில் வந்து சேர்ந்தவர்களில் அந்தப் பாதையில் அலைந்து களைத்தவர்களும் உண்டு. வெடித்துக் கிடந்த செம்மண்ணில் வரப்புப் போட்டு மரம் நட்டதில் அவர்கள் கையும் இருக்கிறது, அக்கம்பக்கத்துத் தமிழ்க் கிராமத்து ஜனங்களின் கை அதைவிட அதிகம்.

எப்போது முடிந்தது?

ஹெய்ட்-ஆஷ்பரிக்காரர்களைக் கேட்டால் 1967 அக்டோபர் 6. அந்தக் கோடையில் ஒரு லட்சம் பேர் வந்து குவிந்ததாகச் சொல்வார்கள், சுற்றுலா பஸ்கூட விட்டார்கள், உள்ளே இருந்து வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெருவில் நின்றவர்கள் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்கள். கடைசியில் ஒரு சவப்பெட்டியில் பாசிமணியும் செய்தித்தாளும் போட்டு, ஹிப்பி செத்துவிட்டான், பத்திரிகைகள்தான் பெற்றன, அவையே கொன்றன என்று ஊர்வலமாகத் தூக்கிப் போனார்கள். வெளியுலகத்துக்கு முடிவு 1969தான்: ஆகஸ்டில் சார்லஸ் மேன்சன் என்பவனைக் குருவாக நம்பிய கும்பலின் கொலைகள், டிசம்பரில் ஆல்டமாண்ட் இசைவிழாவில் கூட்டத்தின் நடுவே ஒரு கறுப்பின இளைஞரைக் குத்திக் கொன்றது.

போரை நிறுத்தியது இவர்களா?

துப்பாக்கிக் குழலில் பூ வைத்ததால் போர் நிற்கவில்லை. மாணவர் போராட்டம், போரில் இருந்து திரும்பிய வீரர்களே எதிர்த்தது, எல்லாவற்றையும்விட வியட்நாமியர்கள் தோற்க மறுத்தது, இவைதான் காரணம். கட்டாய ராணுவச் சேர்ப்பு 1973ல் நின்றது.

பெல்பாட்டமும் வண்ணத் துணியும் அவர்கள் கண்டுபிடித்தவையா?

முடிச்சுப் போட்டுச் சாயம் முக்குவது மதுரை சுங்குடிக்காரர்களுக்குப் பரம்பரைத் தொழில், அதைப் போய் ஹிப்பி கண்டுபிடித்தான் என்றால் சிரிப்பார்கள். பெல்பாட்டம் கப்பல்படைச் சீருடை, பட்டாளத்துப் பழைய துணி விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் போரை எதிர்த்த பிள்ளைகளே வாங்கிப் போட்டார்கள். அங்கிருந்து பேஷனாகி, சினிமாவுக்குப் போய், எங்கள் ஊர்த் தையல்காரர் வரைக்கும் வந்தது. அப்பாவின் கல்யாண போட்டோ ஒன்று பீரோவில் இருக்கிறது. இருபத்திநாலு அங்குலம் பாட்டம் இருக்கும், செருப்பே தெரியவில்லை, முடி இரண்டு காதையும் நன்றாக மூடியிருக்கிறது.